கடைக்கு ஆள் எடுக்க ஆதார் ஜெராக்ஸ் போதுமா?

மூலக்கடை பைப் · 5 ஜனவரி 2026

பிவிசி பைப், ஃபிட்டிங்ஸ் கடை. பின்னாடி குடோன். மொத்தம் 7 பேர். இப்ப ரெண்டு பேர் எடுக்கணும். டாடா ஏஸ் ஓட்ட ஒரு டிரைவர், கல்லாவுல உட்கார ஒருத்தர். லோடு இறக்க பீகார் பசங்க ரெண்டு பேரை அனுப்புறேன்னு மேஸ்திரி சொல்றார். நடுவுல ஒரு ஏஜென்சி 'பேக்ரவுண்ட் செக் பேக்கேஜ்' விக்கப் பாக்குது. ஆதார் ஜெராக்ஸ் வாங்கி ஃபைல்ல போட்டா போதும், மத்ததெல்லாம் ஐடி கம்பெனிக்காரன் வேலைன்றது என் கட்சி. தப்பா இருந்தா சொல்லுங்க.

பில்புக் · 5 ஜனவரி 2026

பாதி தப்பு. ஜெராக்ஸ் மெஷின் எதைப் போட்டாலும் எடுத்துக் கொடுக்கும். ஜெராக்ஸ் வைத்திருப்பது ஃபைலுக்கு, சரிபார்ப்புக்கு அல்ல.

ஆதாரில் பார்க்க வேண்டியது கியூஆர் கோடு. அதற்குள் பெயர், பிறந்த தேதி, முகவரி, போட்டோ எல்லாம் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்தோடு இருக்கிறது. மேலே அச்சில் பெயரையோ வயதையோ மாற்றினாலும் கோடுக்குள் பழையதுதான் இருக்கும். சாதாரண ஸ்கேனரில் காட்டினால் நீளமாக எண்கள் மட்டும் ஓடும். ஆணையத்தின் சொந்த ஆப்பில்தான் விவரம் திறக்கும். எதிரில் ஆளை உட்கார வைத்து, ஸ்கேன் செய்து, திரையில் வரும் முகத்தை ஆளோடு ஒப்பிடுங்கள். ஒரு நிமிஷ வேலை, காசு கிடையாது.

இன்னொன்று, ஆதார் எண் 0 அல்லது 1-ல் தொடங்காது. அப்படித் தொடங்கும் கார்டு வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பில்புக் · 5 ஜனவரி 2026, இரவு

காலையில் எழுதியதில் ஒரு ஓட்டை. ரொம்பப் பழைய கார்டுகளில் இருக்கும் கியூஆர் இந்தக் கையெழுத்து இல்லாதது, போட்டோவும் வராது. ஸ்கேன் ஆகவில்லை என்றதும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். லேமினேஷன் பளபளப்பு, மடிப்பு, மங்கிய பிரிண்ட் எல்லாமே ஸ்கேனைக் கெடுக்கும். அவர் போனிலேயே புதிதாக இ-ஆதார் இறக்கச் சொல்லுங்கள். ஓடிபி அவருக்குத்தான் வரும், அதை நீங்கள் கேட்காதீர்கள். முதல் 8 எண் மறைத்த 'மாஸ்க்டு' ஆதாரே போதும், அதிலும் கியூஆர் இருக்கும்.

ஆதார் கொடுத்தால்தான் வேலை என்று தனியார் கடை அடம் பிடிக்க முடியாது. 26 செப்டம்பர் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தனியாருக்கு ஆதாரைத் திறந்துவிட்ட 57-வது பிரிவு அடிபட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆள் தன் விருப்பத்தில் ஆஃப்லைனாகக் காட்டலாம். லைசென்ஸ், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எதைக் காட்டினாலும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

சின்னயானை · 6 ஜனவரி 2026

வாக்காளர் அட்டைன்னதும் ஒண்ணு சொல்லிடறேன். போன மாசம் வந்த வரைவு வாக்காளர் பட்டியல்ல பேர் இல்லன்னா அட்டை போலின்னு அர்த்தம் இல்ல. வீடு மாறி, ஃபார்ம் கொடுக்காம விட்டவங்க நம்ம ஏரியாவுல எக்கச்சக்கம்.

மூலக்கடை பைப் · 6 ஜனவரி 2026

சரி, ஸ்கேன் பண்றேன். போலீஸ் வெரிஃபிகேஷன் ஒண்ணு போட்டா எல்லாம் அதுலயே வந்துடாதா? எதுக்கு மெனக்கெடணும்?

பில்புக் · 6 ஜனவரி 2026

வராது. தமிழ்நாடு போலீஸ் அறிக்கை சொல்வது ஒரே ஒரு விஷயம்: தமிழ்நாட்டுக் காவல் நிலையப் பதிவுகளில் இந்த ஆள் மீது வழக்கு இருக்கிறதா. வேலை தெரியுமா, முந்தைய கடையில் கல்லா குறைந்ததா, லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று அது சொல்லாது. திருட்டு நடந்து, முதலாளி புகார் கொடுக்காமல் 'போய்த் தொலை' என்று அனுப்பியிருந்தால் போலீஸ் பதிவில் ஒன்றும் இருக்காது. சின்னக் கடைகளில் பெரும்பாலும் நடப்பது அதுதானே.

ஆனாலும் கல்லாவுக்கும் சாவி வைத்திருப்பவருக்கும் போடலாம். போலீஸ் இ-சர்வீசஸ் தளத்தில் சரிபார்ப்புச் சேவை. ஆள் தானே விண்ணப்பித்தால் 500, நிறுவனம் போட்டால் 1000. போட்டோ, அடையாள ஆவணம் ஏற்றி, பணம் கட்டி, எண் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வரும் அறிக்கையிலும் கியூஆர் உண்டு. ஆள் கொண்டுவந்து நீட்டும் பிரிண்டை நம்பாமல் அதைத் தளத்தில் சோதியுங்கள். காசு நீங்கள் கட்டுங்கள். சம்பளமே தொடங்காதவரிடம் 500 கேட்பது நியாயமில்லை.

சிக்குவது முகவரியில். ஆதாரில் ஒரு தெரு, இருப்பது வேறு தெரு. வடசென்னையில் வாடகைக்காரர்கள் பாதிப் பேருக்கு இதுதான் நிலை. 'தற்போதைய முகவரி' கட்டத்தில் ஆதாரைப் பார்த்து டைப் அடித்தால் விசாரிக்க வருபவர் பழைய வீட்டுக்குப் போவார், 'ஆள் இல்லை' என்று எழுதுவார். இப்போது இருக்கும் வீட்டைப் போடுங்கள். வாடகை ஒப்பந்தமோ கேஸ் பில்லோ சேருங்கள்.

வெல்டிங் மணலி · 6 ஜனவரி 2026

ஸ்டேஷன் தேர்வுலயும் தப்பு நடக்கும். மணலி, எண்ணூர், சாத்தாங்காடு, செங்குன்றம் எல்லாம் ஆவடி கமிஷனரேட். கொடுங்கையூர், எம்.கே.பி. நகர் சென்னை கமிஷனரேட். பின்கோடு 600-ல ஆரம்பிக்குதேன்னு எல்லாத்துக்கும் சென்னைன்னு அமுக்கினா விண்ணப்பம் சுத்திக்கிட்டே இருக்கும்.

பில்புக் · 7 ஜனவரி 2026

மணலிக்காரர் சொன்னது ரொம்ப முக்கியம், நன்றி.

பின்கோடு என்றதும் இதையும் பாருங்கள். கொடுங்கையூர் 600118, வியாசர்பாடி 600039. பயோடேட்டாவில் தெரு ஒரு பக்கம், பின்கோடு இன்னொரு பக்கம் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள். எல்லையோரத் தெருக்களில் ரெண்டும் புழங்கும். அதனால் கேள்வி மட்டும், தீர்ப்பு வேண்டாம்.

ராயபுரம் டீ · 7 ஜனவரி 2026

வியாசர்பாடி அட்ரஸ்னு பார்த்ததுமே ஃபைலை மூடுற முதலாளிங்க இருக்காங்க. அதுக்கு எதுக்கு வெரிஃபிகேஷன்?

பில்புக் · 7 ஜனவரி 2026

முகவரியைப் பார்த்து ஆளைத் தள்ளுவது சோம்பேறித்தனம். அதைவிட வேடிக்கை, தள்ளும் கடையும் மூலக்கடையிலோ தண்டையார்பேட்டையிலோதான் இருக்கும். மாதவரத்திலிருந்து பஸ் பிடித்து வருபவனைவிட நடந்து வரும் தூரத்தில் வீடு இருப்பவன் கடைக்கு லாபம். அம்மா, மாமா, தெருக்காரன் எல்லோரையும் விசாரிக்க முடிகிற ஆள் அவன்தான்.

பில்புக் · 8 ஜனவரி 2026

போலீஸ் அறிக்கையில் வழக்கு வந்தால் எப்படிப் படிப்பது என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார்.

மூன்று பாருங்கள்: பிரிவு, நிலை, வருஷம். சென்னை நகரக் காவல் சட்டம் 75 என்றால் பொது இடத்தில் கூச்சல் கலாட்டா வகை. தெருச் சண்டையில் பெயர் சேர்க்கப்பட்டிருக்கலாம். திருட்டு, நம்பிக்கை மோசடி என்றால் கல்லாவுக்கு நேரடியாகச் சம்பந்தம். குடிபோதையில் வண்டி ஓட்டியது கல்லாவுக்குச் சம்பந்தமில்லை, டிரைவருக்கு உயிர்ச் சம்பந்தம். 1 ஜூலை 2024-க்கு முந்தைய சம்பவத்துக்கு இந்திய தண்டனைச் சட்ட எண், பிந்தையதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா எண். பழைய 379 திருட்டு, புதியதில் 303. எண்ணை மட்டும் பார்த்துப் பதறாமல் எந்தச் சட்டம் என்று பாருங்கள்.

நிலை என்றால் விசாரணையா, குற்றப்பத்திரிகையா, விடுதலையா, தண்டனையா. விடுதலை ஆனவரைக் குற்றவாளி என்று எழுதி வாட்ஸப் குரூப்பில் போட்டால் அவதூறு வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

எச் கார்டு · 8 ஜனவரி 2026

கோர்ட் வழக்குகளைக் காட்டுற இ-கோர்ட்ஸ் தளத்துல பேர் போட்டுத் தேடலாமே, இலவசம்தானே?

பில்புக் · 8 ஜனவரி 2026

தேடலாம். கோர்ட் வளாகம் தேர்ந்தெடுத்து, பெயரில் குறைந்தது மூன்று எழுத்து, வழக்குப் பதிவான வருஷம் கொடுக்க வேண்டும். ஜார்ஜ் டவுன், எழும்பூர், திருவொற்றியூர் என்று ஒவ்வொன்றாக, ஒவ்வொரு வருஷமாக. பொறுமை வேண்டும்.

வில்லங்கம் பெயரில்தான். எம்.சி. ரோட்டில் நின்று 'செல்வம்' என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதுவும் ஆதாரில் பின்னால், லைசென்ஸில் முன்னால், மார்க்ஷீட்டில் அப்பா பெயராக விரிந்து. ஆங்கில எழுத்துக்கூட்டல் கோர்ட் கிளார்க் கையில் எப்படி வந்ததோ அப்படி. அப்பா பெயர், வயது, தெரு மூன்றும் பொருந்தாமல் 'இவர்தான்' என்று சொல்லவே கூடாது. ஏஜென்சிகள் 'கிரிமினல் செக்' என்று விற்பதில் பல இந்தக் கோர்ட் தேடல்தான், போலீஸ் அறிக்கை அல்ல. காசு கொடுக்குமுன் எது என்று எழுத்தில் கேளுங்கள், பெயர்ப் பொருத்தம் எப்படிப் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பேக்கேஜ் வேண்டாம்.

சின்னயானை · 9 ஜனவரி 2026

டிரைவர் மேட்டருக்கு வருவோம், கேட்டவரே அதை மறந்துட்டார் போல.

பில்புக் · 9 ஜனவரி 2026

டிரைவருக்கு: மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் லைசென்ஸ் எண், பிறந்த தேதி போட்டால் நிலை, எந்த வகை வண்டி, எந்தத் தேதி வரை எல்லாம் வரும். கார்டில் பார்ப்பது வேண்டாம், தளத்தில் பாருங்கள். சஸ்பெண்ட் ஆன லைசென்ஸின் கார்டும் பளபளவென்றுதான் இருக்கும். டிஎன் 03 தண்டையார்பேட்டை, டிஎன் 18 செங்குன்றம். எண்ணின் முதல் நான்கு இடம் வழங்கிய ஆபீஸ், அடுத்த நான்கு வருஷம். வயது 30, லைசென்ஸ் வருஷம் 2009 என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், 13 வயதில் வாங்கினாரா என்று.

மஞ்சள் போர்டு வண்டி என்பதால் லைசென்ஸில் 'டிரான்ஸ்போர்ட்' என்று இருந்தே ஆக வேண்டும்.

சின்னயானை · 9 ஜனவரி 2026

கடைசி வரி பழசு பாஸ். 6 நவம்பர் 2024 அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு: எல்.எம்.வி., அதாவது இலகு ரக வண்டி லைசென்ஸ் இருந்தா 7,500 கிலோவுக்குக் கீழ் மொத்த எடை உள்ள டிரான்ஸ்போர்ட் வண்டியும் ஓட்டலாம், லைசென்ஸ்ல தனிப் பதிவு (என்டார்ஸ்மென்ட்) வேணாம். டாடா ஏஸ் அதுல பாதிகூட வராது. டாடா 407-ம் உள்ளதான். 7,500-ஐத் தாண்டுற லாரி, கன்டெய்னர்னா கதை வேற.

பில்புக் · 10 ஜனவரி 2026

ஒப்புக்கொள்கிறேன், அந்த வரியை அடித்துவிட்டுப் படியுங்கள். இருந்தாலும் பழைய டிரான்ஸ்போர்ட் என்டார்ஸ்மென்ட் உள்ளவர் என்றால் அதன் தேதியைத் தனியாகப் பாருங்கள். சாதாரண லைசென்ஸ் 2035 வரை இருக்கும், டிரான்ஸ்போர்ட் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரே கார்டில் இரண்டு தேதி. பெரிய தேதியைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் வழக்கமான தவறு.

லைசென்ஸ் இல்லாதவரிடம் சாவி கொடுத்தால் ஓட்டியவருக்கு 5,000, கொடுத்த உரிமையாளருக்கு 5,000. அது சின்னக் காசு. விபத்தில் ஆள் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டைக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்க வரும், கடையே போகும்.

வெல்டிங் மணலி · 10 ஜனவரி 2026

மணலி பக்கம் சால்வென்ட், தின்னர் டிரம் ஏத்துற வண்டின்னா அபாயகரப் பொருள் பயிற்சிச் சான்றும் லைசென்ஸ்ல அதுக்கான பதிவும் வேணும். அந்த 2024 தீர்ப்பு இதுக்குக் குடை பிடிக்காது.

சின்னயானை · 10 ஜனவரி 2026

பேப்பர் எல்லாம் சரியா இருந்தாலும் ஓட்ட விட்டுப் பாருங்க. ஜி.என்.டி. ரோடு வேணாம், அங்க யார் ஓட்டினாலும் பத்து கிலோமீட்டர் வேகம்தான். குடோன் சந்துல ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க. 20 அடி பைப் கேரியர்ல கட்டினபிறகு பின்னாடி எவ்வளவு நீட்டுதுன்னு இறங்கிப் போய்ப் பாக்குறானா, சிவப்புத் துணி கட்டுறானா. ரெண்டும் பண்ணா ஆள் தேறும்.

மூலக்கடை பைப் · 12 ஜனவரி 2026

டிரைவர் புரிஞ்சுது. கல்லா ஆள் ரெண்டு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கொண்டாந்திருக்கார். ஒண்ணு 2014 முதல் 2016 வரை, ஒரு ஹார்டுவேர் கடை. இன்னொண்ணு 2019 முதல் 2024. லெட்டர் பார்க்க டீசண்டா இருக்கு.

பில்புக் · 12 ஜனவரி 2026

லெட்டர்ஹெட்டை உற்றுப் பாருங்கள். 2016-ல் கொடுத்ததாகச் சொல்லும் கடிதத்தில் ஜிஎஸ்டி எண் அச்சிட்டிருந்தால் அது 2016-ல் அச்சடித்ததில்லை. ஜிஎஸ்டி வந்தது 1 ஜூலை 2017. அதற்கு முன் வாட் வரிக்கான டின் எண்தான்.

ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டால் கடைப் பெயர், முகவரி, பதிவான தேதி, இப்போது உயிரோடு இருக்கிறதா எல்லாம் காட்டும். 15 இடம். முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33. அடுத்த பத்து பான் எண். கடிதத்தில் இருக்கும் முகவரியும் தளத்தில் இருப்பதும் ஒன்றா பாருங்கள்.

போன் செய்யும்போது கடிதத்தில் இருக்கும் செல் நம்பருக்குச் செய்யாதீர்கள். அது மச்சான் நம்பராக இருக்கலாம். கடையின் போர்டில், கூகுள் மேப்பில் இருக்கும் நம்பருக்குப் போடுங்கள். மிண்ட் தெருவோ கோடவுன் தெருவோ என்றால் நேரிலேயே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். போனில் சொல்லாததை நேரில் சொல்வார்கள்.

மூலக்கடை பைப் · 12 ஜனவரி 2026

2016 லெட்டர்ல ஜிஎஸ்டி நம்பர் இருக்கு.

ராயபுரம் டீ · 12 ஜனவரி 2026

சோலி முடிஞ்சுது.

பில்புக் · 13 ஜனவரி 2026

அவசரப்படாதீர்கள். பழைய வேலைக்கான கடிதத்தைப் பின்னால் போய்க் கேட்டு வாங்குபவர்கள் உண்டு. முதலாளி இன்றைய லெட்டர்ஹெட்டில் பழைய தேதி போட்டுக் கொடுப்பார். கெட்ட பழக்கம்தான், ஆனால் மோசடி அல்ல. ஆளிடம் நேராகக் கேளுங்கள், 'இது எப்ப வாங்கினது?' என்று. 'போன மாசம் போய் வாங்கினேன் சார்' என்றால் கடைக்குப் போன் போட்டு உறுதிசெய்யுங்கள். '2016-லயே கொடுத்தாங்க' என்று சாதித்தால்தான் ராயபுரம் சொன்னது சரி.

முந்தைய முதலாளியிடம் கேட்க நாலு கேள்வி போதும். எந்த மாசத்திலிருந்து எந்த மாசம் வரை? என்ன வேலை? பணமோ சாவியோ அவர் கையில் இருந்ததா? திரும்ப வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைவிட அதற்கு முன் வரும் இடைவெளியைக் கவனியுங்கள். 'ஆள் எப்படி?' என்று கேட்காதீர்கள். 'நல்ல பையன்தான்' என்று வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது வேலை பார்க்கும் கடைக்கு மட்டும் அவர் அனுமதி இல்லாமல் போன் போடாதீர்கள். உங்கள் போனால் அங்கே வேலை போய், இங்கேயும் நீங்கள் எடுக்கவில்லை என்றால் பாவம் உங்களுக்கு.

பில்புக் · 13 ஜனவரி 2026, இரவு

மேலே எழுதியதற்கு எதிராக நானே ஒன்று. சம்பளப் பாக்கி வைத்திருக்கும் முதலாளி நல்லதாகச் சொல்லமாட்டார். கெட்ட பேச்சு ஒரே இடத்திலிருந்து மட்டும் வந்தால், 'கணக்கு முடிச்சாச்சா?' என்று இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு எடை போடுங்கள்.

எச் கார்டு · 17 ஜனவரி 2026

பொங்கல் முடிஞ்சு இப்பத்தான் வந்தேன். வேலை பார்த்த காலத்துக்கு பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டா பளிச்சுனு தெரியுமே. அரசோட உமங் ஆப்ல அவரே காட்டலாம்.

பில்புக் · 17 ஜனவரி 2026

தெரியும், முந்தைய இடத்தில் பிஎஃப் பிடித்திருந்தால். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் பிஎஃப் கட்டாயம், இஎஸ்ஐ-க்கு 10 பேர். நம்ம பக்கத்துக் கடைகளில் பாதி அதற்குக் கீழ். பிஎஃப் இல்லை என்பதால் வேலையே பார்க்கவில்லை என்று ஆகாது.

இருந்தால் அவர் கையில் போன், அவரே லாகின், நீங்கள் திரையை மட்டும் பாருங்கள். பாஸ்வேர்டு எழுதி வாங்கி வைக்கும் ஆபீஸ்கள் இருக்கின்றன, அது வேண்டாத வேலை. வெளியேறிய தேதி காலியாக இருந்தால் பழைய முதலாளி பதியாமல் விட்டது. கடைசிச் சந்தா போய் 2 மாதம் ஆன பிறகு ஆளே பதிந்துகொள்ளலாம். ஒரே மாதத்தில் இரண்டு கம்பெனியில் வேலை என்று வந்தால் கேளுங்கள். பாதி நேரம் தேதிப் பிழைதான்.

எச் கார்டு · 17 ஜனவரி 2026

எங்க லைன்ல கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ் ஆளுக்கு அடையாளம்னா எச் கார்டு, பரீட்சை பாஸானவங்களுக்கு ஜி கார்டு. பழைய புரோக்கர் கிட்ட இருந்து விடுபட்டு, கார்டு ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்குத் திரும்பிடுச்சான்னு பாக்கணும். கார்டு இன்னும் பாக்கெட்லயே இருந்தா ஆள் இன்னும் அங்க இருந்து விலகலைன்னு அர்த்தம்.

வெல்டிங் மணலி · 19 ஜனவரி 2026

ஃபேப்ரிகேஷன் ஷாப்காரங்க யாராவது படிச்சா. வெல்டர் சர்டிஃபிகேட்ல 6ஜி-ன்னு (சாய்ச்சு வச்ச பைப்ல வெல்டிங்) இருந்தா தேதியைப் பாருங்க. அந்த முறையில 6 மாசம் வெல்டிங் பண்ணாம விட்டா தகுதி போயிடும். வெல்டிங் விதிநூல் ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 9 சொல்றது. அதனால பேப்பரைவிட கூப்பன், அதாவது டெஸ்ட் துண்டு. 6 இன்ச் பைப் ரெண்டு துண்டு, விளிம்பைச் சரிவா தேய்ச்சு (பெவல்), 45 டிகிரி சாய்ச்சு, பொட்டு வெல்டு வச்சு (டேக்) கொடுங்க. சுத்தி வர முதல் அடுக்கு வெல்டு (ரூட்) போட்டதும் உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. அடிப்பக்கம் உள்வாங்கி குழி விழுந்திருக்கா, ஊடுருவாம கோடு தெரியுதா. மேல மணி மாதிரி அழகா இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது.

ஆனா ஆளைப் பிடிக்கிறது அதுக்கும் முன்னாடி. 7018 வெல்டிங் ராடு கையில கொடுத்ததும் 'ஓவன்ல இருந்து எடுத்ததா?'ன்னு கேக்குறானா பாருங்க. அந்த ராடுல ஈரம் ஏறினா வெல்டு பின்னாடி விரிசல் விடும். கேட்டவனை விடாதீங்க.

ராயபுரம் டீ · 19 ஜனவரி 2026

டீக்கடை, பிரியாணிக் கடைக்கு மருத்துவச் சான்று மறக்காதீங்க. சாப்பாடு தொடுற ஆளுக்கு வருஷம் ஒரு பரிசோதனையும் டைஃபாய்டு தடுப்பூசியும் உணவுப் பாதுகாப்பு விதியில இருக்கு.

பில்புக் · 19 ஜனவரி 2026

அதோடு நிறுத்துங்கள். எச்ஐவி பரிசோதனையை வேலைக்கு நிபந்தனையாக வைப்பது 2017 சட்டப்படி தடை. சில லேப் பேக்கேஜில் அதுவும் சேர்ந்து வருகிறது, எடுக்கச் சொல்லுங்கள்.

மூலக்கடை பைப் · 21 ஜனவரி 2026

பீகார் பசங்க வந்துட்டாங்க. ஒருத்தன் பாக்க 16 மாதிரி இருக்கான், ஆதார்ல 19. மேஸ்திரி 'நான் பொறுப்பு'ன்றார்.

பில்புக் · 21 ஜனவரி 2026

மேஸ்திரி பொறுப்பு என்பது வாயளவில். சோதனைக்கு வந்தால் நோட்டீஸ் கடை பெயருக்கு.

ஆதார் பிறந்த தேதிக்குச் சான்றாகாது. பிஎஃப் அலுவலகமே 2024 ஜனவரியில் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பள்ளி டிசி, மார்க்ஷீட், பிறப்புச் சான்று கேளுங்கள், ஊரிலிருந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் போதும். 14-க்குக் கீழ் எந்த வேலைக்கும் கூடாது. 14 முதல் 18 வரை அபாயகரமான வேலைகளில் கூடாது. 14-க்குக் கீழ் உள்ளவரை வைத்தால் 20,000 முதல் 50,000 வரை அபராதமோ, 6 மாதம் முதல் 2 வருஷம் சிறையோ, இரண்டுமோ. குடோனில் சால்வென்ட் சிமென்ட் டின் அடுக்கியிருக்கிறீர்கள், தீப்பற்றும் பொருள் அது. சந்தேகம் தீரும்வரை உள்ளே விடாதீர்கள்.

வயது வந்த இன்னொருவருக்கு: தமிழ்நாடு போலீஸ் அறிக்கை அவர் ஊர்க் கதையைச் சொல்லாது. பீகாரில் நடத்தைச் சான்று அந்த மாநில அரசின் ஆன்லைன் சேவையிலேயே வாங்கலாம், உத்தரப் பிரதேசத்துக்கு யுபி காப் ஆப். நம் தொழிலாளர் துறைத் தளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் பதிவும் உண்டு, அதையும் போட்டுவிடுங்கள். ஊரில் ஒருவர் பெயர், போன் நம்பர் வாங்கி, அவர் முன்னாலேயே ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். நாளைக்கு அவருக்குக் காய்ச்சல் என்றாலும் அந்த நம்பர்தான் உதவும்.

சம்பளக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். யாருடைய பெயர் வருகிறது? மேஸ்திரி பெயர் வந்தால் சம்பளம் யார் பைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

சின்னயானை · 21 ஜனவரி 2026

ஒரு ரூபாய்ல இவ்வளவு வெரிஃபிகேஷன் எந்த ஏஜென்சியும் தரமாட்டான்.

பில்புக் · 23 ஜனவரி 2026

ஒரு தாள் கையெழுத்து வாங்குவது விட்டுப்போனது. தமிழிலேயே இப்படி எழுதினால் போதும்:

'நான் ______, இந்தக் கடையில் ______ வேலைக்கு வந்திருக்கிறேன். என் அடையாளம், முகவரி, லைசென்ஸ், முன்பு வேலை பார்த்த இரண்டு இடங்கள் ஆகியவற்றை விசாரிக்கச் சம்மதம். கீழே எழுதியது தவிர என் மேல் வழக்கு இல்லை: ______. வேலை அமையாவிட்டால் என் நகல்களை 30 நாளில் கிழித்துவிட வேண்டும்.'

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. நகலின் குறுக்கே பேனாவால் 'இந்தக் கடை வேலைக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதுங்கள், முகத்தின் மேல் படாமல். ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் பிடிஎஃப் விட்டுவராதீர்கள்.

ஒரிஜினல் மார்க்ஷீட்டையும் வெற்றுக் காசோலையையும் வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கத்தை விடுங்கள். ஒரிஜினலைப் பிடித்து வைத்தால் நல்லவன் மாட்டிக்கொள்வான், திருடுகிறவன் விட்டுவிட்டுப் போவான். பயமாக இருந்தால் ஃபிடெலிட்டி கேரண்டி என்று ஊழியர் மோசடிக்கான இன்சூரன்ஸ் இருக்கிறது, அதைக் கேளுங்கள். எடுத்தவருக்கு நியமனக் கடிதம் கொடுங்கள், 21 நவம்பர் 2025 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது கட்டாயம்.

மூலக்கடை பைப் · 27 ஜனவரி 2026

அப்டேட். பையன் டிசி வந்துச்சு, வயசு 17. திருப்பி அனுப்பிட்டேன், ஊருக்கு டிக்கெட் காசு கொடுத்து. டிரைவர் ஓகே, ரிவர்ஸ் எடுத்தார், இறங்கிப் பார்த்தார். கல்லாக்காரர் லெட்டர் போன மாசம் வாங்கினதுன்னு ஒத்துக்கிட்டார். கடைக்காரர்கிட்ட நேர்ல போய்க் கேட்டேன், 'திரும்ப வந்தா நாளைக்கே சேர்த்துப்பேன்'னு சொன்னார். போலீஸ் விண்ணப்பம் போட்டிருக்கேன், இன்னும் வரல. கல்லா சாவி கொடுத்துடலாமா?

பில்புக் · 27 ஜனவரி 2026

அறிக்கை வரும்வரை பில் போடட்டும். ராத்திரி எண்ணும்போது இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்து. கல்லா மேஜையில் ஒட்டியிருக்கும் யுபிஐ கியூஆரை வாரம் ஒருமுறை உங்கள் போனில் ஸ்கேன் செய்து கடை பெயர்தான் வருகிறதா பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டுவது வெளி ஆளாகவும் இருக்கலாம், அதனால் யாரையும் குறை சொல்லாமல் பழக்கமாகவே செய்யுங்கள்.

குடோன் சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை நகல்?

மூலக்கடை பைப் · 27 ஜனவரி 2026

எத்தனைன்னு தெரியல. பழைய ஆள் போனப்ப ஒண்ணு வாங்கலைன்னு இப்பத்தான் ஞாபகம் வருது.

சின்னயானை · 27 ஜனவரி 2026

முதல்ல பூட்டை மாத்துங்க அண்ணே.